முதல் எண் நாற்பத்தாறு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போன கறுப்புப் பை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே உன் கையடக்க ஸ்கேன் கருவி. வேலையில் சேர்ந்த புதிதில் போனில் மாட்டிப் பார்ப்பதற்கென்று ஆசை ஆசையாக வாங்கினாயே, அதே கருவி. "யாராவது படிக்கிறவங்களுக்குக் கொடுத்துடுங்கம்மா. எனக்கு இனிமே வேணாம்" என்றாய். வரும் சனிக்கிழமை நீயும் உன் மனைவியும் நாடு விட்டுப் பெர்த்துக்குக் குடிபோகிறீர்கள். அங்கே போய் ஸ்கேன் வேலை தேடப்போவதில்லையாம், மச்சானுடைய கிடங்கில் சரக்கு அனுப்பும் வேலை பார்க்கப்போகிறாயாம். ஏன் என்று கேட்டேன். அப்பா குளியலறையில் இருந்ததால் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "அன்னைக்கு நான் பார்த்தேன்ல. நரம்பு வீங்கியிருக்குன்னு என் கண்ணால பார்த்தேன். அப்பவே சத்தம் போட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கணும். நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன். இப்ப யாரோட மணிக்கட்டைப் பார்த்தாலும் எனக்கு அப்பா கைதான் தெரியுது." நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல லா, சாப்பிடு" என்று உன் தட்டில் ரசத்தை ஊற்றினேன். நீயும் சாப்பிட்டாய்.

மூன்று நாளாக அந்த ரசம் எனக்குள் புளித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இருந்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். உன் அப்பாவின் விரலில் உணர்ச்சி போனது உன்னால் இல்லை, தம்பி. என்னால். இதை உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. தேற்றுவதற்கு எனக்கு எப்போதுமே வராது, உனக்கே தெரியும். நீ பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தபோது "ஒருத்தர் கடைசியா வரத்தானே வேணும்" என்று சொன்னவள் நான்.

உன் அப்பாவின் விரலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வலது கைச் சுட்டுவிரல்தான் அவருக்குக் கண். கல்யாணமான புதிதில் எம்ஆர்டி ரயிலில் அவரோடு போகும்போது எனக்கு ஒரே வெட்கமாக இருக்கும். தோளில் மாட்டிய பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், இந்த ஆள் எதையோ தொலைத்துவிட்டு அரைமணி நேரமாகத் தேடுகிறானே என்று. அவர் பைக்குள்ளே புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். திடீரென்று தனியாகச் சிரிப்பார். "என்ன?" என்று கேட்டால், "இந்தக் கதையில வர்றவன் உன் அண்ணன் மாதிரியே இருக்கான்" என்பார். குவீன்ஸ்டவுனில் இறங்க வேண்டிய நாங்கள் எத்தனையோ தடவை அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறோம். நானும் அவருக்காகவே பிரெய்ல் என்கிற அந்தப் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டேன், கண்ணால் பார்த்துப் படிக்கிற அளவுக்கு. சட்டத்தில் தடித்த காகிதத்தைச் செருகி, ஊசியால் பின்பக்கத்திலிருந்து வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். நான் குத்தினால் பாதி எழுத்து தப்பாக இருக்கும். "உன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்று கேலி செய்வார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மசாலா டப்பாக்களில், உன் பள்ளிச் சீருடை தொங்கும் ஹேங்கரில் என்று வீடு முழுவதும் என் கோழிக் கிறுக்கல்தான்.

உனக்கு ஏழு வயதில் ஒருநாள் சீனி டப்பாவின் லேபிளையும் உப்பு டப்பாவின் லேபிளையும் மாற்றி ஒட்டிவிட்டு, காப்பி போட வரும் அப்பாவைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நினைத்து நானும் சும்மா நின்றேன். அவர் லேபிளைத் தடவினார். கொஞ்சம் யோசித்தார். டப்பாவைத் திறந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "லேபிள் சீனின்னு சொல்லுது, விரல் உப்புன்னு சொல்லுது. நான் விரலைத்தான் நம்புவேன். வெளிய வாடா!" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் யார் வாய்ச்சொல்லையும் லேசில் நம்ப மாட்டார். கடைக்காரன் சொன்னாலும் தடவிப் பார்ப்பார், டாக்டர் சொன்னாலும் இன்னொரு டாக்டரைக் கேட்பார். ஒரே ஒரு ஆள் சொன்னால் மட்டும் மறுபேச்சு இல்லை. அந்த ஆள் நான்.

என் வேலையில் எனக்கு எவ்வளவு கர்வம் என்பதும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம். விரலில் வளையம் மாட்டி, மணிக்கட்டில் சுண்டினாற்போல் ஒரு சின்ன மின்சாரம் கொடுத்து, அது நரம்பு வழியாக விரலுக்கு எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று அளக்கிற வேலை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் வேகம் குறையும். அதுதான் கார்ப்பல் டனல். எத்தனை தட்டச்சுக்காரர்கள், எத்தனை சமையல்காரர்கள், எத்தனை பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கை மரத்துப்போகிறது என்று வந்து என் முன்னால் கையை நீட்டியிருக்கிறார்கள். "இந்த அம்மா கைராசிக்காரங்க, வலிக்காமப் பண்ணுவாங்க" என்று தேடி வருவார்கள். நீ பாலிடெக்னிக்கில் ஸ்கேன் படிப்பில் சேர்ந்தபோது நான் என்ன சொன்னேன்? "படம் காட்டுற வேலை" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நீ எடுத்துக்கொண்டாய். முழுவதும் வேடிக்கை இல்லை.

அப்பா முப்பது வருடம் அதே ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தவர். அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்ட பிறகு, லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கிற சந்தில், பார்வையற்றவர்கள் நடத்துகிற மசாஜ் கடையில் சேர்ந்தார். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பேர், ஏழு பேர் தோளைப் பிடித்துவிடுவார். இரண்டு வருடம் ஆவதற்குள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து கையை உதற ஆரம்பித்தார். "ஊசி குத்துற மாதிரி இருக்கு. உதறினா சரியாயிடுது" என்பார். அப்புறம் ஒருநாள், "ஒரே வரியை ரெண்டு தடவை தடவ வேண்டியிருக்கு" என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மதியம் என் கூடத்துக்கு வரச் சொன்னேன். வீட்டு ஆளை நாமே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்து விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். அப்பா கேண்டீனில் சுடச்சுடத் தே தாரிக் தேநீர் வாங்கி, காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, சுட்டுவிரலில் வளையத்தை மாட்டி மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்தேன். திரையில் எண் வந்தது. நாற்பத்தாறு. எங்கள் கூடத்துக் கணக்கில் அது ஐம்பதுக்குக் கீழே போகக் கூடாது. நான் உடனே என்ன நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். "கை குளிர்ந்திருக்கிறது" என்று நினைத்தேன். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பிலும் வேகம் குறைவாகத்தான் காட்டும், அதனால் சூடுபடுத்திவிட்டு மறுபடி அளப்பது எங்கள் தொழிலில் முறை. அதில் தப்பே இல்லை. ஆனால் கை குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். வெப்பமானி என் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் தெரிந்துவிடும். அப்போதுதான் தே தாரிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்த கை, தம்பி. அது எப்படிக் குளிர்ந்திருக்கும்?

வெந்நீர்ப் பையை எடுத்து அவர் மணிக்கட்டையும் விரல்களையும் சுற்றினேன். பத்து நிமிடம். "சுடுது" என்றார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். மறுபடி அளந்தேன். நாற்பத்தொன்பது. மறுபடி சுற்றினேன். அவர் கை சிவந்துபோயிருந்தது. மூன்றாம் தடவை ஐம்பத்தொன்று வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டேன். முதல் இரண்டு எண்ணையும் அழித்தேன். மோதிர விரலில் வேறொரு சோதனை உண்டு. அந்த விரலுக்கு இரண்டு நரம்பு போகிறது, இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அதைச் சூட்டை வைத்து ஏமாற்ற முடியாது, ஏனென்றால் கை சூடானால் இரண்டு நரம்பும் சேர்ந்துதான் சூடாகும். அதையும் செய்யவில்லை. "நேரமாயிடுச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அந்த எண் நல்லதாக வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த விரல் போய்விட்டால் அவருக்கு இன்னொரு தடவை கண் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில், பயந்தது நடக்கிற மாதிரியே எல்லாவற்றையும் செய்தேன். வளையத்தைக் கழற்றிவிட்டு அவரிடம் சொன்னேன்: "கை நல்லாத்தான் இருக்கு. வயசாகுது, அவ்வளவுதான்." அவர், "நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மசாஜ் கடைக்குப் போனார்.

நான்கு மாதம் கழித்துத் தீபாவளி. நீ இந்தக் கருவியை வாங்கியிருந்த புதிது. வீட்டில் இருக்கிற எல்லோருடைய கையிலும் ஸ்கேன் களிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு அப்பாவின் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாய். கொஞ்ச நேரத்தில் உன் முகம் மாறியது. "ம்மா, இங்க வாங்களேன். முழங்கைப் பக்கம் நரம்பு ஒல்லியா இருக்கு, மணிக்கட்டுக்கு வர்றப்ப பாருங்க, எவ்வளவு குண்டாயிடுது. ஹோஸ் பைப்பை யாரோ மிதிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி" என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். உன் படத்தை எனக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது. ஆனால் எனக்குப் படமே வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தாறு என்பது எனக்குத் தெரியும். நீ திரையில் கண்டதை நான் நான்கு மாதத்துக்கு முன்பே எண்ணாகக் கண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு கருவியும் ஒரே நரம்பைத்தான் பார்க்கின்றன, ஒன்று அதன் ஓட்டத்தை, இன்னொன்று அதன் உடம்பை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் போதும். நான் என்ன செய்தேன்? "நேத்துத்தான் மெஷின் பிடிக்கக் கத்துக்கிட்டே. நான் முப்பது வருஷமா இதையே பண்றேன். என் டெஸ்ட்ல நார்மல். வீட்டுக்குள்ள பீதியைக் கிளப்பாதே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். உன் சித்தப்பா சிரித்தார். நீ காதுவரை சிவந்துபோய்க் களிம்பைத் துடைத்தாய். அப்பா உன் தோளைத் தேடித் தட்டிக்கொடுத்து, "உங்கம்மா சொன்னா விட்டுடு லா" என்றார்.

நீ கருவியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தீபாவளியைத்தான் நீ உன் தப்பாக இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். இருபத்து நான்கு வயதுப் பிள்ளை நீ, சரியாகப் பார்த்தாய், சரியாகச் சொன்னாய். அதற்கு மேல் உன்னால் என்ன செய்திருக்க முடியும்? உன் எதிரில் நின்று கத்தியவள் உன் தாய் மட்டும் இல்லை, பொய் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு பொய்க்காரி.

அப்போதே மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு, மசாஜ் வேலையை நிறுத்தி, தேவைப்பட்டால் ஊசியோ அறுவையோ செய்திருந்தால் பிழைத்திருக்கலாம். எல்லோருக்கும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பின் மேல் நான் இரண்டரை வருடம் உட்கார்ந்திருந்தேன். அப்பா பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். உதறினால் சரியாகிக்கொண்டிருந்த கை, உதறினாலும் சரியாகாமல் போனது. இடது கையும் சேர்ந்துகொண்டது. ரயிலில் பைக்குள் கையை விடுவதை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன், இரண்டு கையும் மடியில் இருந்தன. "புத்தகம் எடுத்துட்டு வரலையா?" என்று கேட்டேன். "இந்தப் புத்தகம் போர்" என்றார். பையில் இருந்தது அவர் பத்துத் தடவை படித்துச் சிரித்த புத்தகம்.

சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்ற அன்று நான் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் மேடு வற்றிப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குப் பிறகு கூடத்தில் சேர்ந்த நூருலிடம் அழைத்துப் போனேன், இந்த முறை விதிப்படி. நூருல் முதல் காரியமாகக் கொக்கியிலிருந்து வெப்பமானியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கை நல்ல வார்ம்தான், அங்கிள்" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சுட்டுவிரலில் வளையம் மாட்டி மின்சாரம் கொடுத்தாள். திரையில் கோடு நேராகப் போனது. கூட்டிக் கொடுத்தாள். நேராகவே போனது. அழிப்பதற்குக்கூட எண் இல்லை. நூருல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கீழ்மாடியில் ஸ்கேன் எடுத்தவர்களும் நீ சொன்னதைத்தான் சொன்னார்கள்: நரம்பு மேலே வீங்கி, மணிக்கட்டின் குறுக்கே ஓடும் தசைநாருக்கு அடியில் நசுங்கித் தட்டையாகக் கிடக்கிறது.

அறுவைக்கு முன் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், வலி போகும், உணர்ச்சி திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று. அப்பா சிரித்தார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க டாக்டர். நான் ரெண்டாவது தடவையா கும்பிடுறேன்" என்றார். பிறகு அங்கிருந்த தாதியிடம் என்னைக் காட்டி, "என் மனைவி இதே லைன்லதான் இருக்காங்க. ஏதாவது பண்ண முடியும்னா அவங்க முன்னாடியே பண்ணியிருப்பாங்க" என்றார். அன்று காலை அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, சொல்வதை விட்டுவிட்டு, அவர் கழற்றிய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அறுவை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. வலி போய்விட்டது. உணர்ச்சி வரவில்லை. இனி வராது, தம்பி. யாராவது உன்னிடம் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால் நம்பாதே. நான் இந்த வேலையைச் செய்தவள், எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதுதான் சொல்ல மிகவும் அசிங்கமாக இருக்கிறது. நூருலிடம் போய்வந்த வாரம், வாயால் முடியாததைக் கையாலாவது செய்வோம் என்று சட்டத்தையும் ஊசியையும் எடுத்து இரண்டு வரி குத்தினேன். "முதல் எண் நாற்பத்தாறு. நான் அதை அழித்தேன்." குத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, யாருக்குக் குத்தினேன் என்று. அவரால் படிக்க முடியாது என்று நிச்சயமான பிறகு எழுதிய மன்னிப்புக் கடிதம். இதைவிடப் பாதுகாப்பான இடம் ஒரு பொய்க்கு எங்கே கிடைக்கும்? லேபிள்கள் இருக்கும் இழுப்பறையில் போட்டு மூடினேன்.

போன வருடம் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதில் உணர்ச்சி அப்படியே இருக்கிறது. "ஒரு விரல் பாக்கி இருக்குல்ல. அதை வெச்சு முதல்லேருந்து கத்துக்கிறேன்" என்றார். நான் அன்று அழுதேன், சந்தோஷத்தில். புத்தகப் பக்கம் அவருக்கு நெரிசலாக இருந்தது. சின்னதாக ஏதாவது வேண்டும் என்று இழுப்பறையைத் துழாவியவர் கையில் அந்தக் காகிதம் அகப்பட்டது. "இது என்ன? ரெண்டே வரி இருக்கு போல. பழகறதுக்கு இது போதும்" என்றார். "ஏதோ பழைய லேபிள்" என்றேன். தினமும் நான்கு மணிக்கு மேசையில் உட்கார்ந்து சுண்டுவிரலை அதன்மேல் நகர்த்துவார். அந்த விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வழுக்கிக்கொண்டு போகும், புள்ளியை எண்ணத் தவறும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நெற்றி வியர்த்துப்போகும். ஆறாம் நாள் "முதல்" என்று சத்தமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை போல முகம். ஒன்பதாம் நாள் "எண்" வந்தது. "முதல் எண்ணா? என்ன எண்? வீட்டு நம்பரா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். அடுத்த சொல் நீளமானது. அதில் எட்டு நாள் நின்றார். நான் அந்த எட்டு நாளும் நான்கு மணி ஆனால் சமையலறையில் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் காகிதத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "விட்டுடலாம். இது என்னால ஆகாது. எனக்கே சிரிப்பா இருக்கு, அறுபத்து நாலு வயசுல அ ஆ படிக்கிறேன்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அப்போது எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? நிம்மதி வந்தது. அவர் இனி எந்த விரலாலும் எதையும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த நொடியில், நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள், மூச்சை நிம்மதியாக விட்டேன். அது என்ன சொல் என்று நானே சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அந்த ஒரு சொல்லைத் தாண்டி ஒருவேளை மேலே போயிருப்பார். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காகிதம் இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. கெட்டியாக இருக்கிறது என்று அதன்மேல்தான் காப்பிக் கோப்பையை வைக்கிறார். சூட்டில் புள்ளிகள் பெரும்பாலும் அமுங்கிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அதன்மேல் உன் தண்ணீர்க் குவளையை வைத்தாய்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. திரையில் முதலில் வருகிற எண்ணை அழிக்காதே, அது உனக்குப் பிடிக்காவிட்டால் இன்னும் பத்திரமாக வைத்துக்கொள். உன் மனைவிக்கோ பிள்ளைக்கோ ஏதாவது என்றால் நீ பார்க்காதே, அவர்களை நேசிக்காத ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போ. பெர்த்தில் நீ கிடங்கில் வேலை பார்ப்பதானால் பார், அது உன் இஷ்டம். ஆனால் அப்பா கைக்காகப் பார்க்காதே. உன் கண் சரியாகத்தான் பார்த்தது. கருவியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, சனிக்கிழமை விமான நிலையத்துக்கு எடுத்து வருகிறேன், வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மன்னித்தால் எனக்கு நிம்மதியாகிவிடும், என் நிம்மதி எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் நீ சொல்வதானால் சொல், நான் தடுக்க மாட்டேன். நானே சொல்லிவிடுகிறேன் என்று இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், அதுவும் பொய்யாகிவிடும் என்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா முன்னறையிலிருந்து குரல் கொடுக்கிறார். பேனா சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"யாருக்கு இவ்வளவு நேரமா எழுதுறே?"

"தம்பிக்கு."

"சனிக்கிழமை பார்க்கத்தானே போறோம்? சரி, நானும் கேட்டேன்னு எழுது. போற எடத்துல அவன் என்னை நினைச்சுக் கவலைப்படக் கூடாது. அன்னைக்கு நீ சொன்னியே, அதையே எழுது. கை நல்லாத்தான் இருக்கு, வயசாகுது, அவ்வளவுதான்னு எழுது."

எழுதிவிட்டேன், தம்பி. நீயாவது நம்பாதே.

அம்மா